கடல்நாச்சியின் வாக்குமூலம்

ஆயிரத்தெண்ணூறு வருடத்துக்கு முன் கடல் பொங்கியது சம்பந்தமாக விசாரிக்க வேண்டும் என்று கல்லடியிலிருந்து கடிதம் வந்தபோது, பனிச்சங்கேணி நல்லரத்தினம் அதை நிவாரண அரிசி விடயம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு வெறும் உரப் பையையும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினார். அவரைக் குறை சொல்ல ஏலாது. நம்முடைய பக்கத்தில் கடிதத் தலைப்பில் 'அனர்த்தம்' என்று இருந்தால் அடியில் எங்கேயாவது அரிசியும் பருப்பும் இருக்கும். தலைப்பில் 'தொன்ம அனர்த்த உறுதிப்படுத்தல் பணியகம்' என்றிருந்தது. முதல் சொல் அவருக்கு விளங்கவில்லை. இரண்டாவது சொல் விளங்கியது. அது காணும் என்று போய்விட்டார்.

நல்லரத்தினம் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். ஒருமுறை எஞ்சின் ஒன்று இடது முழங்காலில் விழுந்து நசுக்கியதிலிருந்து நொண்டி நொண்டித்தான் நடப்பார். வருடத்தில் ஒரேயொரு நாள் மட்டும் அவர் நொண்டுவதில்லை. கடல்நாச்சி அம்மன் கோயில் சடங்கில் அம்மாள் அவர் மேல் வரும் நாள் அது.

அந்தக் கோயில் வருடம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். வைகாசியில் சடங்குக்குக் கதவு திறப்பார்கள். உடுக்கு அடித்ததும் அம்மாள் நல்லரத்தினத்தின் உடம்பில் இறங்கி, வரிசையில் நிற்கும் சனத்துக்கு வாக்குச் சொல்லுவாள். மாடு தொலைந்தவன், மகளுக்கு மாப்பிள்ளை சரிவராதவள், கட்டாரில் இருக்கிற புருசன் தொலைபேசி எடுக்காதவள் என்று எல்லாரும் கேட்பார்கள். எல்லாருக்கும் பதில் உண்டு. ஆனால் ஊரில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அம்மாள் என்ன சொன்னாள் என்பதை ஆடியவனிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அடுத்த வருடம் அம்மாள் அந்த உடம்பைத் தேடி வரமாட்டாள். ஆகவே வாக்கு ஊருக்கெல்லாம் தெரியும், அதைச் சொன்ன வாய்க்கு மட்டும் தெரியாது.

அந்த வரிசையில் கடைசியாக நிற்பவள் எப்போதும் அவருடைய மனைவி புஸ்பம். அவர்களுடைய ஒரே மகன் டிலக்சன், ஏழு வயதில், கல்லடியில் பெரியம்மா வீட்டுக்கு விடுமுறைக்குப் போனவன். சுனாமி வந்தது. வீடும் இல்லை, பெரியம்மாவும் இல்லை, பிள்ளையின் உடம்பு எடுபடவும் இல்லை. புஸ்பம் அம்மாளிடம் எதைப் பற்றிக் கேட்பாள் என்பதை நல்லரத்தினத்துக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. என்ன பதில் கிடைக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதைக் கேட்டுக்கொண்டு வந்துதான் அவள் ஒரு வருடம் உயிர் வாழ்கிறாள். சடங்கு முடிந்தால் நன்றாகச் சாப்பிடுவாள், அயலுக்குப் போவாள், சிரிப்பாள்கூட. மாசி பங்குனியில் அந்தத் தெம்பு வற்றத் தொடங்கும். சித்திரையில் ஒரே கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுவாள். வைகாசியில் கதவு திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் யோசித்ததே இல்லை. சண்டைக் காலத்திலேயே திறந்த கதவு அது.

கடிதம் வந்தது சித்திரைக் கடைசியில்.

பணியகத்து கேற்றில் காவலாளி அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பெட்டியில் போட்டான். "போகக்குள்ள வெளியேறும் துண்டைக் குடுத்திட்டு எடுங்க ஐயா," என்றான். நியாயம்தானே என்று நல்லரத்தினமும் கொடுத்தார். இந்த நாட்டில் அடையாள அட்டை இல்லாதவன் செத்தால்கூடப் பதிய மாட்டார்கள் என்பது அந்த நேரம் அவருக்கு நினைவு வரவில்லை.

உள்ளே பிரஷாந்தி என்ற உத்தியோகத்தர் இருந்தார். விலங்கியல் பட்டதாரி. வேலை கேட்டு வீதியில் பந்தல் போட்டு மாதக்கணக்கில் குந்தியிருந்து, கடைசியில் இந்த வேலை கிடைத்தது. அதனால் எதைச் செய்யச் சொன்னாலும் மறு பேச்சில்லாமல் செய்வார்.

"பேர்?"

"நல்லரத்தினம், மிஸ்."

"அது உங்கட பேர். சாட்சியின்ட பேர்?"

"என்ன சாட்சி?"

பிரஷாந்தி தன்னுடைய போனை எடுத்து ஒரு பொத்தானை அமத்தினார். போன வருடச் சடங்கின் உடுக்குச் சத்தம் கேட்டது. அதற்கு மேலால் ஒரு குரல்: "அண்டைக்குக் கடலை எழுப்பினவள் நான்தாண்டா! கண்ணால பாத்துக்கொண்டு நிண்டவளும் நான்தாண்டா!"

நல்லரத்தினம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஐயோ மிஸ், நிப்பாட்டுங்க! எனக்கு இது கேக்கக் கூடா!"

"உங்கட குரல்தானே?"

"குரல் என்ட. சொன்னது நான் இல்ல."

பிரஷாந்தி எழுதினார்: குரலை ஏற்றுக்கொள்கிறார், கூற்றை மறுக்கிறார். "சரி, கடல் எழும்பக்குள்ள கரையில இருந்து எத்தின மீற்றர் தூரத்தில நிண்டிங்க?"

"எப்ப?"

"ஆயிரத்தெண்ணூறு வருசத்துக்கு முதல்."

"மிஸ், எனக்கு அம்பத்தெட்டு வயசு."

"அண்ணளவாச் சொன்னாலும் காணும்."

பிறகு அவரைப் பணிப்பாளரிடம் கூட்டிப் போனார்கள். பணிப்பாளர் ஒரு கலாநிதி. குளிரூட்டிக்குக் கீழே கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். சுவர் முழுக்க ஒரு பெரிய அட்டவணை. ஒரு பக்கம் புராணம், மறுபக்கம் அதன் உண்மையான காரணம். பாற்கடலைக் கடைந்தது: கடலடி எரிமலை. வராகம் பூமியைத் தூக்கியது: மண்சரிவு. நரசிம்மம் தூணைப் பிளந்துகொண்டு வந்தது: தரமற்ற கொங்கிறீற். கடைசி நிரலில் எல்லாவற்றுக்கும் 'உறுதிப்படுத்தப்பட்டது' என்று பச்சை முத்திரை. ஒரு இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதுதான் கடல்நாச்சி.

"உங்கட கோயில் கதையைச் சொல்லுங்கள்," என்றார் பணிப்பாளர்.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். தாகத்தோடு ஒரு பரதேசிக் கிழவியாக வந்த அம்மாள் போடியார் வீட்டில் தண்ணீர் கேட்டாள். வட்டை வட்டையாக வயல் வைத்திருந்த போடியார், "கடலில போய்க் குடி" என்றார். கிழவி சொன்னாள்: "நான் ஏன் போக வேணும்? அது வரட்டும்." வந்தது.

பணிப்பாளர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "தெளிவான ஆழிப்பேரலை. கிழவி என்பது நிலநடுக்கம். போடியார் என்பது கரையோர முகாமைத்துவத்தில் இருந்த குறைபாடு. பாருங்கள் நல்லரத்தினம், நாங்கள் விஞ்ஞான அடிப்படையில் இயங்குகிறவர்கள். நாங்கள் எதையும் நம்புவதில்லை. நம்புவதற்கு எங்களுக்கு ஒதுக்கீடும் இல்லை. ஆனால் இதில் ஒரு பாரதூரமான விடயம் இருக்கிறது. 'அது வரட்டும்' என்று கிழவி சொன்னது முன்னெச்சரிக்கை. எச்சரிக்கை விடப்பட்டது, அலை வந்தது. அபாயம் நீங்கிவிட்டது என்று யாராவது அறிவித்தார்களா?"

"எனக்குத் தெரியாது சேர்."

"அறிவிக்கவில்லை. நாங்கள் தேடிப் பார்த்துவிட்டோம். ஆகவே சுற்றுநிருபப்படி பனிச்சங்கேணி ஆயிரத்தெண்ணூறு வருடமாகச் சுனாமி எச்சரிக்கையின் கீழ் இருக்கிறது. இவ்வளவு காலமும் அதற்குள்ளே இருந்து சமைத்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள். நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது."

"அப்ப நான் வீட்ட போகலாமா சேர்?"

"என்ன கதை இது? நேரில் கண்ட ஒரே சாட்சியை அபாய வலயத்துக்குள் அனுப்ப எனக்கு மனம் வருமா?"

நல்லரத்தினம் உரப் பையை விரித்து மடித்து விரித்து மடித்துக்கொண்டு இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "சேர், ரெண்டாயிரத்தி நாலில வந்ததப் பத்தியும் நீங்க பாக்கிறல்லயா? என்ட மகன் அதிலதான்..."

பணிப்பாளரின் முகத்தில் உண்மையான அனுதாபம் வந்தது. "அது எங்கள் பரப்புக்குள் வராது. அது நடந்தது எல்லாருக்கும் தெரியுமே! அதில் உறுதிப்படுத்த என்ன இருக்கிறது? ஓர் அனர்த்தம் எங்களிடம் வருவதென்றால் ஆயிரம் வருடமாவது பழுத்திருக்க வேண்டும். நீங்கள் பொறுமையாக இருங்கள்."

அன்றிலிருந்து அவருக்குப் பணியகத்தின் பாதுகாப்பு மண்டபத்தில் படுக்கை. வேளைக்கு ஒரு சோற்றுப் பார்சலும் பிளேன்டியும் வந்தன. பூட்டில்லை, கம்பியில்லை. வெளியேறும் துண்டு மட்டும் இல்லை. அதைக் கொடுக்க வேண்டியவர் பணிப்பாளர். அபாயம் நீங்கினால்தான் அவரால் கொடுக்க முடியும்.

மண்டபத்தில் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார். ஏறாவூர் முகைதீன்பாவா, புடவை வியாபாரி. அவருடைய குடும்பம் வாவிக் கரையில் சியாரம் என்கிற ஓர் இறைநேசரின் அடக்கத்தலத்தைப் பராமரித்து வருகிறது. ஒரு பெருவெள்ளத்தில் அங்கே அடங்கியிருக்கும் அவுலியா தன்னுடைய கைத்தடியைக் குறுக்கே வைத்தார் என்றும், தண்ணீர் அதைத் தாண்டவில்லை என்றும் ஒரு கதை. ஆய்வுக்கு வந்தவர்களுக்கு அதை அவர் தேத்தண்ணி கொடுத்துச் சொல்லியிருக்கிறார்.

"கதை சொன்னதுக்கா காக்கா உங்களப் புடிச்சி வெச்சிருக்காங்க?" என்று நல்லரத்தினம் கேட்டார்.

"இல்ல தம்பி. அந்தத் தடி அனுமதி எடுக்காமக் கட்டின வெள்ளத் தடுப்பு அணையாம். அவுலியா மவுத்தாகி எத்தினயோ நூறு வருசம். அவர்ட ஒப்பம் வேணும் எண்டு கேக்கானுகள்." முகைதீன்பாவா தாடியைத் தடவினார். "நானும் யோசிச்சிப் பாத்தன். அவரு ஒப்பம் வெக்கிற ஆள் மாதிரித் தெரியல்ல."

நாள்தோறும் ஒத்திகை நடக்கும். சைரன் ஊதும். பழைய பேரலை வருகிறது என்று இருவரையும் மேல்மாடிக்கு ஓடச் சொல்வார்கள். நல்லரத்தினம் கைபிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக நொண்டி ஏறி மேலே போய்ச் சேர்ந்ததும், இரண்டாவது சைரன் ஊதும். அது பழைய சூறாவளி. சூறாவளிக்கு மேல்மாடி ஆபத்து என்பதால் கீழே ஓட வேண்டும். ஒருமுறை இரண்டு சைரனும் சேர்ந்து ஊதிவிட்டன. மேலே போவதா கீழே போவதா என்று தெரியாமல் இருவரும் நடுப்படியில் குந்திவிட்டார்கள். பிரஷாந்தி வந்து பார்த்துவிட்டு, பாவம், அவரும் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

இதற்குள் பனிச்சங்கேணியில் கோயிலைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள். ஊரார் அதை அறுத்து எறிந்திருப்பார்கள். ஆனால் பணியகம் முந்திக்கொண்டது. கோயிலின் தலைமை வண்ணக்கரை 'அபாய வலய மேற்பார்வைக் குழு'வின் உபதலைவர் ஆக்கி, கழுத்தில் ஓர் அட்டையும் தொங்கவிட்டது. பரம்பரை பரம்பரையாகக் கோயிலை நிர்வகித்த குடும்பம். இவ்வளவு காலமும் யாரும் அவருக்குக் கழுத்தில் எதையும் தொங்கவிட்டதில்லை. குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றுவதில்லை என்று பேச்சு. பிறகு நாடாவில் யார் கை வைப்பது?

கதவு திறக்க வேண்டிய நாள் வந்தது. மத்தியானம் புஸ்பம் போன் எடுத்தாள்.

"கதவு திறக்கல்ல," என்றாள்.

"தெரியும் புள்ள."

"நான் போய் நாடாக்கு வெளியில நிண்டன். வண்ணக்கர் போகச் சொன்னார்." அவளுக்குப் பின்னால் கச்சான் காற்றில் தகரம் அடிபடுகிற சத்தம் கேட்டது. "கறிக்கு உப்புப் போட்டனா இல்லயா எண்டு தெரியல்ல. மூண்டு தரம் இறக்கி வெச்சிட்டன். இஞ்சேருங்க, இந்த வருசம் நான் எங்க போய்க் கேக்கிற?"

அவர் நொண்டிக்கொண்டு நேரே பணிப்பாளரின் அறைக்குப் போனார். வாழ்க்கையில் முதல் முறையாகக் கதவைத் தட்டாமல் ஓர் அறைக்குள் நுழைந்தார்.

"சேர், அபாயம் நீங்கிற்று எண்டு சொல்ல என்ன வேணும்?"

"சம்பந்தப்பட்ட தரப்பின் வாக்குமூலம். அதாவது அம்மனுடையது. கடலைத் தான் எழுப்பவில்லை, இயற்கையாக எழும்பியது, இப்போது அடங்கிவிட்டது என்று அவர் சொல்ல வேண்டும்."

"அவ சடங்கு வெச்சாத்தானே வருவா."

"வையுங்கள்."

"கோயிலத்தானே நீங்க அடைச்சு வெச்சிருக்கிறிங்க."

"அபாயம் நீங்கும்வரை திறக்க முடியாதே."

"அபாயம் நீங்க அவ வரவேணும், அவ வரக் கதவு திறக்க வேணும், கதவு திறக்க அபாயம் நீங்க வேணும். சேர், இது எங்கயாவது போய் முடியுமா?"

"முடியத் தேவையில்லை," என்றார் பணிப்பாளர் பெருமையோடு. "இதைத்தான் நாங்கள் நிலைபேறான செயற்றிட்டம் என்கிறோம்."

ஆனால் அட்டவணையின் அந்த வெற்று இடம் அவரையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. கொழும்பிலிருந்து மேலதிகாரிகள் வர இருந்தார்கள். அதனால் வழியை அவரே கண்டுபிடித்தார். அரசாங்கம் சனத்தின் காலடிக்குப் போய் அடையாள அட்டையும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் கொடுப்பதில்லையா? அதே மாதிரி அபாய வலயத்துக்கு வெளியே, பணியகத்தின் கேட்போர் கூடத்திலேயே, தெய்வத்துக்கு ஒரு நடமாடும் சேவை.

அந்த நாளும் வந்தது. மேடையில் பதாகை. மங்கள விளக்கு, தேசிய கீதம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை. கற்பூரம் கொளுத்தினால் புகை உணரி ஊதும் என்பதால் கற்பூரம் இல்லை. அம்மாள் கையில் பிடிக்கும் வேப்பிலை, அந்த வேப்பம் பத்திரம், பூச்செண்டாகக் கட்டப்பட்டு பிரதம அதிதிக்குப் போய்விட்டது. உடுக்குக்கு நிகழ்ச்சி நிரலில் 'இசை' என்று இடம் கொடுத்திருந்தார்கள். நடுவில் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு கதிரை, அதன் முன்னால் ஒரு தண்ணீர்ப் போத்தல், பட்டறைக்குப் பாடம் நடத்த வருகிறவருக்கு வைக்கிற மாதிரி ஒரு பெயர் அட்டை: கடல்நாச்சி அம்மன், வளவாளர்.

நல்லரத்தினம் நொண்டி நொண்டி மேடை ஏறி அந்தக் கதிரைக்கு முன்னால் போய் நின்றார். உடுக்கு அடித்தது. அவர் கண்ணை மூடினார். அம்மாள் வரும்போது முதலில் உள்ளங்கால் குளிரும், பிறகு முதுகால் ஏதோ ஏறும். அன்றைக்கு ஒன்றும் இல்லை. குளிரூட்டிக் காற்று மட்டும் பிடரியில் அடித்தது. எப்படி வருவாள்? தண்ணீர் கொடுக்காத வீட்டையே மூழ்கடித்தவள், போத்தலில் தண்ணீர் வைத்துப் பெயர் அட்டை எழுதினால் வந்துவிடுவாளா?

அவர் கண்ணைத் திறந்தார். கடைசி வரிசையில் புஸ்பம். சடங்குக்குக் கட்டுகிற மஞ்சள் சேலை. தோள் எலும்பு வெளியே தெரிந்தது. உறவினர் சாட்சி ஒருவர் வேண்டும் என்று வான் அனுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைக் கதவு திறக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு இங்கிருந்து வெளியே போக வேண்டும், வேறொன்றும் அவருக்கு மண்டைக்குள் ஓடவில்லை. என்ட தாயே, இந்த ஒருக்காப் பொறுத்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார். தலையை விரித்து உலுப்பி, மேடையில் நாலு எட்டு நொண்டியாடிக் கத்தினார்.

சபை எழும்பியது. பணிப்பாளர் ஒலிவாங்கியோடு முன்னால் வந்து குனிந்தார். "அம்மன் அவர்களே, குறித்த தினத்தில் கடல் மட்டம் உயர்ந்தது தங்களுடைய தலையீட்டினாலா, அல்லது இயற்கைக் காரணிகளாலா?"

"நான் இல்லடா! கடல் தன்ட பாட்டுக்கு வந்ததுடா!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பிரதம அதிதி வேப்பம் பத்திரத்தோடு தட்டினார். வண்ணக்கரும் அட்டை ஆட ஆடத் தட்டினார். புஸ்பம் தட்டவில்லை.

"தற்போது அபாயம் நீங்கிவிட்டதாகக் கொள்ளலாமா?"

"நீங்கிற்றுடா! எல்லாரையும் வீட்ட விடுடா! அந்த ஏறாவூர்க் காக்காவையும் விடுடா!"

மூலையிலிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு சத்தம் கேட்டது.

பணிப்பாளர் பூரித்துப்போனார். முத்திரையும் மைப்பெட்டியும் தட்டில் வைத்துக் கொண்டுவரப்பட்டன. அத்தோடு முடித்திருந்தால் கதை வேறு. ஆனால் பயிற்சிப் பட்டறை என்றால் கடைசியில் ஒரு வசனம் இருக்கிறதே, நாக்கிலே ஊறிப்போனது, அது அவரை மீறி வந்துவிட்டது. "சபையோரிடமிருந்து ஏதாவது கேள்விகள்?"

புஸ்பம் எழும்பினாள். அவள் நடந்து வருவதைப் பார்க்கப் பார்க்க நல்லரத்தினத்துக்கு வியர்த்தது. போலியாக ஆடுகிறவன் எங்கே ஓடுவான்? அவள் மேடை ஏறி, வழக்கமாக நிற்கிறது போலக் கைகூப்பிக்கொண்டு, அவருக்கு மிகக் கிட்டே வந்து நின்றாள். ஒலிவாங்கி வேண்டாம் என்று தலையாட்டினாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"என்ட புள்ள இன்னும் தண்ணிக்குள்ளயா கிடக்கான் தாயே? அவனுக்குக் குளிராதா?"

எங்கே என்று கேட்பாள் என்றுதான் அவர் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். குளிரைப் பற்றிக் கேட்பாள் என்று அவருக்குத் தெரியாது. காய்ச்சல்காரப் பிள்ளை அவன். மாரியில் நெஞ்சில் எண்ணெய் பூசாமல் படுக்க விடமாட்டாள். அவர் இரண்டு கையாலும் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவளுடைய தோளில் முகத்தைப் புதைத்து, சபை பார்க்கிறது, கொழும்பு பார்க்கிறது என்ற நினைவே இல்லாமல் ஓவென்று அழுதார். பிள்ளை போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. அன்று தேடுகிற வேலை இருந்தது.

பணிப்பாளர் குனிந்து மேடையில் விழுந்த துளிகளைப் பார்த்தார். அவருடைய புருவம் சுருங்கியது.

"உவர்நீர்," என்றார்.

மேலதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சபையோரே, சாட்சியிடமிருந்து உவர்நீர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. கட்டுப்படுத்தப்படாத நிலையில் வெளியேறுகிறது. ஆகவே அனர்த்தம் முடிவடையவில்லை. பிரஷாந்தி, மாதிரி எடுங்கள்."

பிரஷாந்தி சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். இரண்டு எட்டு வைத்தார். பிறகு, சொன்னதையெல்லாம் மறு பேச்சில்லாமல் செய்கிற அந்தப் பெண், குப்பியை மேசையிலே வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அபாயம் நீங்கவில்லை!" என்று பணிப்பாளர் அறிவித்தார். முத்திரை மைப்பெட்டிக்குத் திரும்பிப் போனது. முன்னெச்சரிக்கையாக இரண்டு சைரனையும் ஊத விட்டார்கள். அதிதிகளில் பாதிப் பேர் மேலே ஓடினார்கள், மீதிப் பேர் கீழே ஓடினார்கள், படியில் முட்டுப்பட்டார்கள்.

புஸ்பம் சேலைத் தலைப்பால் புருசனின் முகத்தைத் துடைத்தாள். "எழும்புங்க. போவம்," என்றாள்.

கேற்றில் காவலாளி கையை நீட்டினான். "துண்டு?"

"துண்டு இல்ல தம்பி."

"அபாயம் நீங்கல்லயாமே அம்மா. எப்பிடி விடுற?"

"எங்களுக்கு வரவேண்டியது வந்து, கொண்டுபோக வேண்டியதையும் கொண்டு போயிற்று," என்றாள் புஸ்பம். குரலில் கோபம் இல்லை. "இனி அதிட்ட என்ன இரிக்கு நாங்க பயப்பிட? அவர்ட அடையாள அட்டயத் தாங்க."

காவலாளி அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்தான். பின்னால் வந்த முகைதீன்பாவாவும் கையை நீட்டினார். அவருடையதையும் கொடுத்தான்.

அந்த எச்சரிக்கை இன்று வரைக்கும் நீக்கப்படவில்லை. பணியகத்தின் கணக்கில் பனிச்சங்கேணியில் ஒரு குருவியும் இல்லை. அங்கே வெள்ளாமை வெட்டுகிறார்கள், இறால் பிடிக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். வண்ணக்கரின் அட்டை மட்டும் மழையில் நனைந்து எழுத்து அழிந்துபோயிற்று.

அன்றைக்கு முகைதீன்பாவா ஏறாவூரில் இறங்கி, "அல்லாஹ்ட காவல் தம்பி, தங்கச்சியப் பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் வாழைச்சேனை தாண்டி வாகரை றோட்டில் ஏறியது. புஸ்பம் கல்லடிக் கடையில் வாங்கிய பணிஸ் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள். பாதியை அவரிடம் நீட்டினாள். மாசிக்குப் பிறகு அவள் பசித்துச் சாப்பிட்டதை அவர் அன்றுதான் கண்டார்.

"புஸ்பம், மேடையில அம்மாள் வரல்ல," என்றார். நெஞ்சுக்குள் வைத்திருக்க ஏலவில்லை.

"தெரியும். மேடையில நொண்டினிங்களே."

"அப்ப என்னத்துக்கு வந்து கேட்டாய்?"

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். வாவி மேல் வெயில் சரிந்து கிடந்தது.

"ஒவ்வொரு வருசமும் கேப்பாய்தானே," என்றார் அவர். "அம்மாள் உனக்கு என்னதான் சொல்றவ?"

"அதச் சொல்லக் கூடா. தெரியும்தானே."

அவர் தலையாட்டினார். பஸ் பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறி மெதுவாக ஊர்ந்தது. பிறகு அவள்தான் சொன்னாள்.

"இண்டைக்கு நீங்க சொன்னதும் அதுதான்."

"நான் ஒண்டும் சொல்லல்லயே புள்ள. உன்னக் கட்டிப் புடிச்சி அழுதன். அவ்வளவுதானே?"

"ஓம்," என்றாள் புஸ்பம். "அதுதான்."